பத்துப் பவுன் விலைபெற்ற குருமனை



இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸ் பகுதியில் ஆல்ஃப்ரிஸ்டன் என்றொரு சிற்றூர். அங்கே ஆலயத்தின் அருகே 14ஆம் நூற்றாண்டில் எழுந்த கூரை வீடொன்று இன்றும் நிற்கிறது. அவ்வூர்ப் போதகர்க்குரிய இல்லமாக விளங்கியமையால் அதனைக் குருமனை என்றே அழைக்கின்றனர்.

அதன் கட்டுமானத்தைக் கவனியுங்கள். ஓக் மரச்சட்டங்களே வீட்டைத் தாங்குகின்றன. இடைவெளிகளில் குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணைப் பூசியிருக்கின்றனர். நடுவே, மேற்கூரைவரை திறந்து உயர்ந்த ஒரு கூடம். அக்காலத்தில் புகைபோக்கி இல்லை. கூடத்து நடுவில் மூட்டிய நெருப்பின் புகை கூரை வழியே வெளியேறிற்று. உண்பதும் விருந்தினரை வரவேற்பதும் அங்கேதான். தறியைக் கூடத்தில் அமைத்து, அதனைச் சுற்றியே வாழ்வை நடத்தும் நம் திருப்புட்குழி நெசவாளர் இல்லங்களை அறிந்த நமக்கு இது புதிதன்று. சீமைச்சுண்ணாம்புக் கல்லை இடித்துப் பரப்பி, புளித்த பாலால் கெட்டிப்படுத்திய அதன் தரையும் சாணம் மெழுகிய நம் திண்ணைகளை நினைவூட்டும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வீடு சிதைந்து, இடிக்கப்படும் நிலைக்கு வந்தது. அவ்வூர்ப் போதகர் பெய்னன் அதனைக் காக்க உதவி வேண்டினார். 1895இல் தோன்றிய நேஷனல் டிரஸ்ட், மறுஆண்டே அதனைப் பத்துப் பவுனுக்கு வாங்கிற்று. அந்நிறுவனம் வாங்கிய முதற்கட்டடம் அரண்மனையன்று. இந்த மண்சுவர் வீடே. விலையைக் காட்டிலும் பழுதுபார்க்க ஆன செலவு பன்மடங்கு.

நம் நாட்டிலும் இத்தகைய சான்று உண்டு. 1841இல் இடையன்குடிக்கு வந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஊழியம் செய்த கால்டுவெல் ஐயர் வாழ்ந்த இல்லத்தை, 2011இல் தமிழக அரசு நினைவில்லமாக்கியது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் படைத்தவரை அவ்வீடு நமக்கு நினைவூட்டுகிறது.

ஆனால் எத்தனையோ ஊர்களில் பழைய குருமனைகள் ஓடு சரிந்து, சுவர் ஈரம் ஏறி நிற்கின்றன. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது எளிது என்கிறோம். துக்கத்தோடு வந்தவர் அமர்ந்த திண்ணையும், நள்ளிரவில் தட்டப்பட்ட கதவும் இடித்தபின் திரும்பா. முடிவெடுக்குமுன் ஒருமுறை கூரையேறிப் பாருங்கள்; பழுது எவ்வளவு என்று ஒரு கொத்தனாரிடம் கேளுங்கள். சபையின் முதியோரிடம் அவ்வீட்டின் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள்.

ஜீவனுள்ள கற்களாகிய நம்மைக் கட்டியெழுப்பும் கர்த்தர், முன்னோர் விட்டுச்சென்றதைப் பேணும் மனத்தையும் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.