கைமாறிய சொல்

"சேஞ்ச்" என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் யாதெனக் கேட்டால், கல்முனைப் பாடசாலை மாணவன் "மாற்றம்" என்று தயங்காது விடை பகர்வான். விடை பிழையன்று, ஆயினும் பாதி விடையே. கடைத்தெருவிலே ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி மிச்சக்காசு பெறுகையிலும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் வழங்குகின்றது. வேறுபடுதலுக்கும் மிச்சக்காசுக்கும் என்ன உறவு?

பிற்கால இலத்தீனில் "காம்பியாரே" என்றொரு வினைச்சொல் இருந்தது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுதல் என்பதே அதன் பொருள். கெல்திய மொழியினின்று இலத்தீன் அதனைக் கடன் கொண்டதென மொழிநூலார் பலர் கருதுவர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த அச்சொல் 13ஆம் நூற்றாண்டில் அங்கு வேரூன்றிற்று. 1571இல் முதலாம் எலிசபெத் அரசி திறந்துவைத்த இலண்டன் வணிகர் மாளிகையையும் மக்கள் சுருக்கமாகச் "சேஞ்ச்" என்றே அழைத்தனர். ஆகவே, பண்டம் கைமாறுவதே மூலப்பொருள். இயல்பு மாறுவது அதன் விரிவு.

தமிழின் "மாறுதல்" என்ற சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு. குறுந்தொகைப் பாட்டொன்றிலே, சுறா தாக்கிய புண் ஆறியதும் தந்தை மீண்டும் கடலுக்குச் செல்கின்றான். தாயோ உப்பை மாறி வெண்ணெல் கொண்டுவர உப்பளம் போயிருக்கிறாள். கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக வாழும் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் மக்களுக்கு இக்காட்சியை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை. பழந்தமிழில் "மாற்றம்" என்பதற்குச் சொல், மறுமொழி என்ற பொருள்களும் இருந்தன. பேச்சும் ஒருவகைக் கொடுக்கல் வாங்கல்தானே!

அரபு மதரசாக்களில் சொல்லின் உருத்திரிபைக் கற்பிக்கும் இலக்கணப் பகுதிக்கு "ஸர்ப்" என்று பெயர். நாணயம் மாற்றுதலுக்கும் அதுவே பெயர். நாணயம் மாற்றுபவர் "ஸர்ராப்". இலங்கைக் கச்சேரிகளில் அரசிறைப் பணத்தை எண்ணி வாங்கிய "சிறாப்பர்" என்னும் உத்தியோகப் பெயர் அதன் வழி வந்ததே.

1872இல் இலங்கையில் ரூபாய் நூறு சதமாக வகுக்கப்பட்டது. பழைய நாணயங்கள் மறைந்தன. எனினும் சிறு செப்புக்காசைக் குறித்த "சல்லி" இக்கரையோர முஸ்லிம்களின் பேச்சிலே நிலைத்து, பணம் முழுவதற்கும் பெயராயிற்று. ஆங்கிலச் சொல் சில்லறைக்கு இறங்கியது. நம் சொல்லோ சில்லறையிலிருந்து ஏறியது.

இவையனைத்தினும் அரியது "கைமாற்று". அறுவடை வரை தாங்கமாட்டாத வீட்டார் அயல்வீட்டிற் பெறும் சிறுதொகை அது. எழுத்தில்லை, ஈடில்லை; வட்டி விலக்கப்பட்ட இவ்வூர்களில் வாங்கிய தொகையே திரும்பும். இதனை ஆங்கிலத்தில் "லோன்" என்று பெயர்த்தால் வட்டி எவ்வளவு என்ற கேள்வி உடன்வரும்; "சேஞ்ச்" என்று பெயர்த்தாலோ, கேட்பவர் சட்டைப்பையிற் சில்லறையைத் தேடுவார்.