கத்தியும் கொடையும்

நண்பன் ஒருவனுக்குக் கத்தி ஒன்றைப் பரிசாக அளிக்க விரும்புகிறோம். சமையலறையில் காய் நறுக்கும் கத்தி அன்று. கானிலும் கழனியிலும் கடலோரத்திலும் கைத்துணையாக நிற்கும் கத்தி. கடைக்குச் சென்றால் கண்ணைப் பறிக்கும் கத்திகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. எதனை எடுப்பது? இது வெறும் கடைத்தெருக் கேள்வி போலத் தோன்றும். ஆயினும் இதற்கு நல்ல விடை கூறவல்லது வரலாறே. கத்தியின் நன்மை கண்ணுக்குப் புலப்படுவதன்று. அதன் அலகுக்குள் மறைந்து கிடப்பது. அந்த மறைபொருளை மாந்தர் அறிந்துகொண்ட கதையைச் சுருங்கக் காண்போம்.

கதை தொடங்கும் இடம் நமக்கு அண்மையிலேயே உள்ளது. சென்னைக்கு வடக்கே, எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே, ஒருபுறம் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் அணைத்து நிற்கும் மணற்பாங்கான நிலம் காட்டுப்பள்ளி. 2013ஆம் ஆண்டு முதல் அங்கே துறைமுகம் ஒன்று இயங்கி வருகிறது. அதற்குத் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் கொசத்தலையாறு கடலோடு கலக்கிறது. அவ்வாற்றுப் படுகையில் மேல்நோக்கிச் சென்றால், பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூரை அடையலாம்.

1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் பூட், வில்லியம் கிங் என்னும் நிலவியல் அறிஞர் இருவர் அங்கே பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தனர். பிற்காலத்தில் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் செய்த அகழாய்வின் முடிவுகள் 2011இல் வெளிவந்தன. அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்பது அவற்றால் தெரியவந்தது. வெளியில் திரியும் மனிதனின் முதற்கத்தி அதுவே எனலாம். உலோகம் அறியாத அம்மாந்தர் கைக்குக் கிடைத்த கல்லையெல்லாம் கருவியாக்கவில்லை. தட்டினால் கூரிய விளிம்போடு பிளக்கும் குவார்ட்சைட் என்னும் வன்கல்லையே நாடினர். கருவியின் நலம் அதன் மூலப்பொருளைப் பொறுத்தது என்னும் முதற்பாடத்தை அவர்கள் கற்றிருந்தார்கள்.

கல்லுக்குப் பின் இரும்பு வந்தது. ஆதிச்சநல்லூரின் தாழிகளோடு கிடைத்த இரும்பு வாள்களும் ஈட்டிமுனைகளும் நம் முன்னோரின் கொல்லுத் திறத்துக்குச் சான்றாகும். ஆனால் தனி இரும்பு மென்மையானது. அதன் கூர் விரைவில் மழுங்கிவிடும். அதனோடு சிறிதளவு கரி சேரும்போதே அது எஃகு ஆகிறது. நம் நாட்டுக் கொல்லர் இரும்புத் துண்டுகளையும் ஆவாரங்கட்டையையும் களிமண் மூசையில் இட்டு, எருக்கு போன்ற இலைகளால் மூடி, வாயை மண்ணால் அடைத்து, துருத்தியால் ஊதி உருக்கினர். மூசைக்குள் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு கரி இரும்பில் கரைந்தது. அதுவே உலகம் புகழ்ந்த உருக்கு. இச்சொல்லே, அல்லது இதற்கு இனமான ‘உக்கு’ என்னும் கன்னடச் சொல்லே, ஆங்கிலேயர் நாவில் ‘ஊட்ஸ்’ எனத் திரிந்தது என்பர்.

இத்தகைய உலோகம் அரசர்க்கு உரிய கொடையாகவும் விளங்கியது. அலெக்சாந்தருக்கு இந்தியத் தூதர் அளித்த பரிசில்களுள் 100 தாலந்து வெள்ளிரும்பும் இருந்தது என்று உரோமானிய ஆசிரியர் குர்த்தியசு எழுதியுள்ளார். அது எஃகாக இருக்கலாம் என்பது அறிஞர் பலர் கருத்து. வென்றவனுக்கு வழங்கத்தக்க பொருளாக இரும்பு கருதப்பட்டது என்றால், அதன் பெருமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி இலண்டனுக்குச் செல்வோம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயிலிருந்து எலனஸ் ஸ்காட் என்னும் மருத்துவர் இந்திய உருக்குக் கட்டிகளை அங்குள்ள வேந்தர் கழகத்துக்கு அனுப்பினார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளர் அதில் ஒரு துண்டைப் பேனாக்கத்தியாக அடித்துப் பார்த்தார். அடிப்பது கடினமாக இருந்தபோதிலும், பல வேலைகளுக்குத் தம் நாட்டு எஃகினும் இது மேலானது என்று கூறினார். பின்னாளில் அவரோடு சேர்ந்து எஃகை ஆராய்ந்தவர் ஒரு கொல்லரின் மைந்தர். மின்னியலின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் மைக்கேல் பாரடே! இருவரின் ஆய்வுரைகள் 1820இலும் 1822இலும் வெளிவந்தன. அவ்வாராய்ச்சியில் பிறந்த கலப்பு எஃகு ஒன்றால் சவரக்கத்திகள் செய்வித்து, அவற்றை நண்பர்க்குப் பரிசாக அளிப்பது பாரடேயின் வழக்கம். பொன்னும் மணியும் அவற்றில் இல்லை. ‘இந்த எஃகை நான் சோதித்து அறிந்தேன்’ என்னும் உறுதியே அப்பரிசின் மதிப்பு.

அதே நூற்றாண்டில் நம் நாட்டில் நிகழ்ந்ததோ வேறு. சென்னையில் கம்பெனிப் பணியில் இருந்த சோசையா மார்ஷல் ஹீத், 1830ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை அமைத்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, வார்ப்பெஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அதனால் ஷெபீல்டு நகரத்து எஃகு மலிவாயிற்று; ஹீத்தோ வழக்குகளில் நொந்து 1851இல் மறைந்தார். பரங்கிப்பேட்டை ஆலையும் நிலைக்கவில்லை. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் பயணிகள் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கப்பலில் வந்த மலிவான சீமை இரும்பு உள்நாட்டுக்கு எளிதில் பரவியது. காடுகளில் கரி சுடுவதற்கும் தடைகள் பிறந்தன. மூசை உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. உலைகள் அவிந்ததோடு எஃகின் குணம் அறியும் பழக்கமும் நம்மிடையே குன்றியது. உலகுக்கு உருக்கை அளித்த நாட்டவர் பளபளப்பைக் கண்டு கத்தி வாங்குவோர் ஆயினர். இழந்த பொருளினும் பெரிய இழப்பு இவ்வறிவின் இழப்பே.

ஆகவே, பரிசுக்கத்தி தேர்வோர் முதலில் கேட்க வேண்டுவது, ‘பெறுபவர் எங்கே, என்ன வேலை செய்கிறார்?’ என்பதாம். காட்டுப்பள்ளி போன்ற உப்புக்காற்று வீசும் கரையில் மீன் அறுக்கவும் கயிறு வெட்டவும் வேண்டுமாயின், துருவேறா எஃகே தக்கது. குரோமியம் கலந்த அவ்வெஃகை 1913இல் ஷெபீல்டில் உருவாக்கியவர் ஹாரி பிரேர்லி. உள்நாட்டுத் தோப்பில் முள்ளும் மிலாறும் கழிப்பவருக்கு, எளிதில் தீட்டக்கூடிய கரிமிகு எஃகு நன்று. லாரியின் வில்பட்டையை அடித்து நம் கொல்லர் ஆக்கும் கத்தி இவ்வகையினதே. ஆனால் அதைத் துடைத்து எண்ணெய் பூசிக் காக்க வேண்டும். அடுத்து, தோய்ச்சலைப் பற்றிக் கேட்க வேண்டும். தோய்ச்சல் மிகுந்தால் அலகு சிதறும். குறைந்தால் கூர் நில்லாது. அலகின் அடிப்பகுதி கைப்பிடியின் கடைசிவரை ஊடுருவி, ஆணிகளால் பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். பெரும்பாலான வேலைகளுக்கு 4 அல்லது 5 அங்குல அலகு போதும். நல்ல உறையும் இன்றியமையாதது.

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறும் என்று அஞ்சி, பெறுபவரிடம் ஒரு காசு வாங்கிக்கொள்ளும் வழக்கம் மேனாட்டில் உண்டு. மாணவர்களே, நட்புக்குக் கேடு கத்தியால் வருவதில்லை. வேண்டிய வேளையில் முறியும் கத்தியை, அதன் தரம் ஆராயாமல் கொடுப்பதே நட்புக்குச் செய்யும் குறை. உங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறைக்கு ஒருமுறை சென்று, எஃகின் குணத்தையும் தோய்ச்சலின் பக்குவத்தையும் கேட்டறியுங்கள். அவ்வறிவோடு தேர்ந்து கொடுக்கும் கத்தி விலையால் சிறிதாயினும் கொடையால் பெரிதாகும்.