மலையாளின்னா கேரளா இல்லீங்க

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, வியாழக்கிழமை லீவு போட்டுட்டு ஆபீஸ் நண்பர்களோட ஏற்காடு போயிருந்தேன். பஜ்ஜிக் கடையில தட்டு எடுத்துக் கொடுத்த பையனுக்குப் பதினாலு வயசு இருக்கும். "எந்த ஊருப்பா?"ன்னு கேட்டேன். "இங்கதாண்ணா, நாங்க மலையாளி" என்றான். நான் பெரிய புத்திசாலி மாதிரி, "கேரளாவுல எந்தப் பக்கம்?" என்றேன். பையன் சிரிச்ச சிரிப்பு இருக்கே! இன்ஜினியரிங் படிச்சு என்ன பிரயோஜனம்?

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். மலையாளிகள் சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலைன்னு பரவி வாழும் பழங்குடிகள். பேசுறது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூணு பேரோட வம்சம்னு அவங்க சொல்ற கதையை எட்கர் தர்ஸ்டன் 1909லயே எழுதி வச்சிருக்கார். 2011 சென்சஸ்படி மூன்றரை லட்சம் பேருக்கு மேல. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவங்கதான் அதிகம்.

1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டு வந்தார். பின்னாடியே தோட்டங்கள், பங்களாக்கள், போர்டிங் ஸ்கூல்கள். மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917ல் ஆரம்பிச்சது. எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்து தங்கிப் படிச்சாங்க. ஆனா 2011லகூட தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் படிப்பறிவு 54 சதவீதம்தான். மாநில சராசரி 80.

மலைப் பிள்ளைகளுக்காக அரசு நடத்துறது பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். காடு மேடு தாண்டி தினமும் நடக்க வேண்டாம். சோறு, படுக்க இடம், படிப்பு எல்லாம் ஒரே இடத்துல. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனா பாதியில நின்னுபோற பையன் எங்கே போவான்?

2015 ஏப்ரல் 7, திருப்பதி பக்கம் சேஷாசலம் காடு. செம்மரம் வெட்டப் போனவங்கன்னு 20 தமிழர்களை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்னது. தற்காப்புன்னு போலீஸ் சொன்னது; போலி என்கவுன்ட்டர்னு மனித உரிமை அமைப்புகள் சொல்லின. செத்தவங்கள்ல தருமபுரி சித்தேரி மலையைச் சேர்ந்த மலையாளிகளும் இருந்தாங்க. கூலி அதிகம்னு புரோக்கர் சொன்னா, கையில வேற வழி இல்லாதவன் நம்பிப் போயிடறான்.

ஆக, சோறும் கூரையும் மட்டும் போதாது. பையனுக்கு அந்தப் பள்ளி தன்னுடையதுன்னு தோணணும். நியூசிலாந்துல ஆக்லாந்து நகரத்துல, பிழைக்க வந்த பசிபிக் தீவுக் குடும்பங்களை போலீஸ் படுத்தி எடுத்த காலம். 1971ல் அந்தச் சமூகத்து இளைஞர்களே பாலினேசியன் பாந்தர்ஸ்னு ஒரு அமைப்பு தொடங்கி, தங்கள் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாட மையங்கள் நடத்தினாங்க. கூடவே தங்கள் பண்பாட்டைப் பத்தித் தலைநிமிர்ந்து பேசவும் கத்துக் கொடுத்தாங்க.

இங்கேயும் அது முடியும்னுதான் தோணுது. மலையிலயே பிறந்து காலேஜ் முடிச்ச அண்ணன் ஒருத்தர் சாயங்காலம் ஹாஸ்டலுக்கு வந்து கணக்கு சொல்லித் தரலாம். அந்த மூணு அண்ணன் தம்பி கதையை ஊர்ப் பெரியவர் வகுப்புல வந்து சொல்லலாம். 5,326 அடி உயரத்துல குகைக்குள்ள இருக்கிற சேர்வராயனையும் காவேரி அம்மனையும், மே மாசத் திருவிழாவையும் பத்திப் பையன்களையே எழுத வைக்கலாம். பெரிய செலவு ஒண்ணும் இல்லை.

இன்னொரு விஷயம். நாங்க போனது வியாழக்கிழமைன்னு சொன்னேனே, அது ஸ்கூல் நாள். அது எனக்கு உறைச்சது சேலத்துக்கு இறங்கி வந்த பிறகுதான்.