சுரங்கத்தில் பிறந்த ‘ஏ’

சினாய்த் தீபகற்பத்தின் தென்மேற்கில், மலை மேட்டின் மேல் இருக்கிறது செராபித் எல்-காதிம். எகிப்திய மன்னர்கள் டர்க்கைஸ் கல் வெட்டியெடுத்த இடம். பக்கத்திலேயே ஹாத்தோர் தேவிக்கு ஒரு கோயில். 1905இல் அங்கே அகழாய்வு செய்த ஃபிளிண்டர்ஸ் பெட்ரீயும் அவர் மனைவி ஹில்டாவும் விசித்திரமான சில பொறிப்புகளைக் கண்டார்கள். பார்வைக்கு எகிப்திய சித்திர எழுத்துப் போலிருந்தன. எகிப்திய மொழியாக வாசித்தால் பொருள் வரவில்லை. எகிப்திய எழுத்தில் குறிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. இங்கோ முப்பது வகைகூடத் தேறவில்லை.

1916இல் எகிப்தியவியல் அறிஞர் ஆலன் கார்டினர் அந்த முடிச்சை அவிழ்த்தார். வீடு, கண், தாற்றுக்கோல், கூட்டல் குறி என்ற நான்கும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருவதை அவர் கவனித்தார். ஒவ்வொரு படத்துக்கும் செமிட்டிக் மொழிப் பெயரை வைத்து, அதன் முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கோத்தார். ‘பாலாத்’ என்று வந்தது. தலைவி என்று பொருள். ஹாத்தோரைச் செமிட்டிக் மொழி பேசிய மக்கள் அழைத்த பெயர். கோயிலில் கிடைத்த சிறிய ஸ்பிங்ஸ் சிலையில் இரு மொழியிலும் அவள் பெயர் இருந்தது.

அந்தப் பொறிப்புகளில் வரும் இன்னொரு குறி கொம்புள்ள மாட்டுத்தலை. மாட்டுக்கு அவர்கள் மொழியில் ‘ஆல்ப்’. அதுதான் ஆங்கில எழுத்தான ‘ஏ’யின் (A) மூலம். கி.மு. 19ஆம் நூற்றாண்டையொட்டி இந்த எழுத்துமுறை உருவாகியிருக்கலாம் என்பது பரவலான கணிப்பு. உருவாக்கியவர்கள் யார்? கானானிலிருந்து வந்த, எழுதப் படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளர்கள் என்கிறார் எகிப்தியவியல் அறிஞர் ஓர்லி கோல்ட்வாசர். எழுத்தர்களாக இருந்திருந்தால் படித்த முறையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டார்கள் என்ற அவர் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. பல ஆண்டு பயின்றவர்களின் சொத்தாக இருந்த எழுத்தை, கல்லுடைத்தவர்கள் எல்லார் கைக்கும் எட்டும்படி செய்தார்கள். மன்னர்களின் போர்களுக்குக் கிடைக்கும் பக்கங்களில் பாதியாவது இவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

பிறகு இந்த எழுத்தைப் பெற்ற ஃபினீசியர் கையில் மாட்டுத்தலை மூன்று கோடுகளாகச் சுருங்கிப் பக்கவாட்டில் படுத்தது. அவர்களுக்கு அது உயிரெழுத்து அல்ல. தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறக்கும் மெய்யொலி. அவர்களிடமிருந்து எழுத்தைப் பெற்ற கிரேக்கர்களின் மொழியில் அந்த ஒலிக்கு வேலையில்லை. எனவே அடுத்து வந்த உயிரொலிக்கே குறியைச் சூட்டிவிட்டார்கள் கிரேக்கர்கள். ஆல்ஃபா பிறந்தது. உயிரும் மெய்யும் தனித்தனிக் குறி பெற்றன. ஏதென்ஸில் கிடைத்த, கி.மு. 740ஐ ஒட்டிய டிபிலோன் மண்குடுவையில் ஆல்ஃபா இன்னும் படுத்தே கிடக்கிறது. பிறகுதான் கொம்புகள் காலாகி நிமிர்ந்தது. எத்ருஸ்கர் வழியாக ரோமை அடைந்தது.

முதலிடமும் பழைய சொத்துதான். சிரியாவின் உகாரித்தில் கிடைத்த, 3,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட களிமண் பலகைகளின் எழுத்து வரிசை இதே ஒலியில்தான் தொடங்குகிறது. முன்னால் நின்றதால், எதையாவது வகைப்படுத்தும்போதெல்லாம் ‘ஏ’வுக்கே முதல் அழைப்பு. 1901இல் வியன்னாவில் ரத்த வகைகளைப் பிரித்த கார்ல் லேண்ட்ஸ்டைனர் முதல் வகைக்கு இதையே வைத்தார். 1922இல் ஜெர்மனியில் வால்டர் போர்ஸ்ட்மன் வகுத்த தாள் அளவுகளில், ஒரு சதுர மீட்டர் தாளை நான்கு முறை பாதியாக்கினால் வருவது ‘ஏ4’.

ரோமானியர் கல்லில் வெட்டிய ‘ஏ’, துறவிகளின் பேனாவில் சின்ன எழுத்தாக வளைந்த கதை அடுத்த வாரம்.