கதிர்காமக் கரைவழி

ஆலையடிவேம்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று தெற்கே செல்லும் கரைவழி உகந்தை முருகன் கோவிலை அடைகிறது. அதற்கப்பால் காடு. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து நடந்து வரும் அடியார்கள் இக்காட்டைக் கடந்தே கதிர்காமம் சேர்கின்றனர்.

அது ஆடி விழாவை ஒட்டிய காலம். கீழ்க்கரைக்கு மாரி தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஆதலால் அந்நாளில் அங்கே கடுங்கோடை. கும்புக்கன் ஆறு வற்றி, காலால் கடக்கத்தக்கதாகிறது. வழியைத் திறந்துவிடும் அதே கோடைதான் தண்ணீரையும் பறித்துக்கொள்கிறது. ஆகவே குடிநீர் உள்ள இடம் அறிந்தவரே அன்று வழிகாட்டி. அந்நீருக்கு யானையும் கரடியும் வரும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

நடை பழையது, வனத்தின் சட்டம் புதியது. 1938இல் யாலவும், 1970இல் அதன் கிழக்குப் பகுதியும் தேசிய வனங்களாயின. கிழக்குப் பகுதி குமண என்ற பெயரைப் பெற்றது 2006இல். யாரும் திறக்கவோ மூடவோ இல்லாதிருந்த ஒற்றையடிப் பாதை, இன்று விழாவை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டும் அனுமதியோடு திறக்கப்படுகிறது. திறக்கும் நாள் பிந்தினால் உகந்தையிற் கூட்டம் தேங்கும். கட்டி வந்த அரிசியும் குறையும்.

1983இல் மூண்ட போரினால் நடை தடைப்பட்டது. 1988இல் ஒரு சிறு குழு அதனை மீண்டும் தொடங்கிற்று. இப்பொழுது நடப்பவர் பல்லாயிரவர். நடையை முற்றாகத் தடுப்பது நியாயமன்று. ஆயினும் அத்தனை பேர் விட்டுச் செல்லும் பிளாஸ்திக்கைக் காடு எங்ஙனம் தாங்கும்? முன்னோர் கொண்டு சென்றது துணிமூட்டையும் மண்கலமுமே.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கைக்கு அருகே பள்ளிவாசலும் உண்டு. விழாக் காலத்தில் அங்கும் கொடி ஏறும்.