சுவருக்கு வெளியே ஒரு குழாய்

இன்னைக்கு எபிசோடு ஒரு கெட்டில் தண்ணியில இருந்து ஆரம்பிக்குது.

2010 டிசம்பர். நான் அப்போ இங்கிலாந்துல லீட்ஸ் நகரத்தில் படிச்சிட்டிருந்தேன். நாலு பசங்க சேர்ந்து வாடகைக்கு எடுத்த பழைய செங்கல் வீடு. ஒருநாள் காலையில கண்ணு முழிச்சா, பேசும்போது வாயிலிருந்து புகை வருது. வெளியே இல்லைங்க, பெட்ரூமுக்குள்ள! கீழே போய்ப் பார்த்தா பாய்லர் நின்னு கிடக்கு. அங்கே வீட்டைச் சூடாக்குறதும் குளிக்க வெந்நீர் தர்றதும் அந்த ஒரே மெஷின்தான். ஆன் பண்ணினா, கூல்டிரிங்ஸ்ல ஸ்ட்ராவை விட்டு ஊதுற மாதிரி களகளன்னு ஒரு சத்தம். அப்புறம் மறுபடியும் அமைதி.

வீட்டு ஓனருக்குப் போன் பண்ணினோம். அவர் கேட்ட முதல் கேள்வி இது: "பின்பக்கச் சுவர்ல ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இறங்குதா?" இறங்குது. "அதுக்குள்ள தண்ணி உறைஞ்சிருக்கும். கெட்டில்ல தண்ணி சுட வச்சு மேல ஊத்துங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்திடாதீங்க, குழாய் விரிசல் விட்டுடும்."

அவ்வளவுதான். முழங்கால் வரைக்கும் பனியில நின்னுக்கிட்டு, ஒரு குழாய்க்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துட்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துச் சிரிச்சாங்க. எழுபது வயசு இருக்கும். "இதுக்கேவா? அறுபத்துமூணுல நாங்க தெருவுல போய் வாளியில தண்ணி பிடிச்சோம், தெரியுமா?"

கால் மணி நேரத்தில் பாய்லர் ஓட ஆரம்பிச்சது. ஆனா ஒரு கேள்வி மட்டும் எனக்குள்ள ஒட்டிக்கிச்சு. வருஷா வருஷம் குளிர் வர்ற ஊர். குழாயைக் கொண்டுபோய் எதுக்குச் சுவருக்கு வெளியே வச்சாங்க?

பதில் தேடினா அது 1871 வரைக்கும் போகுது. அதுக்கு முன்னாடி, பாட்டி சொன்ன அந்த அறுபத்துமூணைப் பார்த்துடலாம்.

1962 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இங்கிலாந்தில் பனி விழ ஆரம்பித்தது. 29, 30 தேதிகளில் வேல்ஸிலும் தென்மேற்கு இங்கிலாந்திலும் பனிப்புயல். சில இடங்களில் காற்று குவித்த பனி 20 அடி உயரம். வழக்கமா இங்கிலாந்துப் பனி ரெண்டு நாள் இருக்கும், சேறாகும், போய்டும். இந்தப் பனி போகவே இல்லை. மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலையை 1659லிருந்து பதிவு பண்ணி வச்சிருக்காங்க. அதில் 1963 ஜனவரியின் சராசரி மைனஸ் 2.1 டிகிரி. அந்தக் குளிர்காலம் மொத்தமாக 1740க்குப் பிறகு வந்த மிகக் கடுமையான குளிர்காலம். ஹெர்ன் பே கடற்கரையில் கடலே உறைந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் உறைந்த தேம்ஸ் நதி மேல ஒருத்தர் காரை ஓட்டிக்காட்டினார்.

கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு தகவல்: எஃப்ஏ கோப்பையின் மூன்றாவது சுற்று ஜனவரி 5ல் தொடங்கி மார்ச் 11ல்தான் முடிந்தது. ஒரே ஒரு சுற்றுக்கு 66 நாள். மேட்ச் முடிவுகளை வச்சுப் பந்தயம் கட்டுற தொழில் படுத்துடக் கூடாதுன்னு, முன்னாள் வீரர்களை ஒரு ரூமில் உட்கார வச்சு, நடக்காத மேட்ச்சுக்கெல்லாம் "நடந்திருந்தா இவங்கதான் ஜெயிச்சிருப்பாங்க"ன்னு ரிசல்ட் சொல்ல வச்சாங்க. நிஜமாத்தான்.

சரி, இதெல்லாம் வெளியே. வீட்டுக்குள்ளே என்ன நடந்தது?

அன்றைய பிரிட்டிஷ் வீடுகள் பெரும்பாலானவற்றில் சென்ட்ரல் ஹீட்டிங் கிடையாது. ஒரு அறையில் நிலக்கரி அடுப்பு எரியும், குடும்பமே அதைச் சுத்தி உட்காரும். மற்ற அறைகள் எல்லாம் வெளியே எப்படியோ அப்படித்தான். தண்ணித் தொட்டி கூரைக்கு அடியில், பரணில். கழிவுநீர்க் குழாய்கள் வெளிச்சுவரில். கழிப்பறையே கொல்லைப்புறத்தில் இருந்த வீடுகளும் ஏராளம். முதலில் பரண் தொட்டி உறைந்தது. அப்புறம் குழாய்கள். பல இடங்களில் தெருவுக்கு அடியில் புதைத்த குழாய்களே உறைந்துபோக, தண்ணி லாரி வந்தது. தெருக்குழாய் வைத்தார்கள். மக்கள் வாளியோட வரிசையில் நின்றார்கள்.

இங்கே கொஞ்சம் அறிவியல். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஐஸ் விரிஞ்சு அந்த இடத்திலேயே குழாயை உடைக்குதுன்னு நாம நினைப்போம். பெரும்பாலும் அப்படி நடக்கறதில்லை. வளர்ற ஐஸ் கட்டி, தனக்கும் மூடியிருக்கிற குழாய்த் திருகுக்கும் நடுவுல மாட்டின தண்ணியை நெருக்கும். அங்கே அழுத்தம் ஏறி ஏறி, பலவீனமான ஒரு இடத்தில் குழாய் பிளக்கும். அதனாலதான் கடுங்குளிர் ராத்திரியில் குழாயைச் சொட்டுச் சொட்டா திறந்து விடச் சொல்றாங்க. அந்தச் சொட்டு வழியா அழுத்தம் வெளியேறிடும்.

இதில் இன்னொரு கொடுமை. குழாய் பிளந்தது உடனே தெரியாது, ஐஸே அதை அடைச்சுக்கிட்டு நிற்கும். குளிர் விட்டு, எல்லாரும் "அப்பாடா"ன்னு மூச்சு விடுற அன்னைக்குத்தான் சீலிங்ல இருந்து தண்ணி கொட்டும்.

பாட்டி சொன்னதில் எனக்கு மறக்காத விஷயம் வேற. அவங்க வீட்டு நிலக்கரி அடுப்புக்குப் பின்னாடி ஒரு சின்ன பாய்லர் பதிச்சிருந்தது. அடுப்பு எரிஞ்சா அந்தச் சூட்டிலேயே வெந்நீர் வரும், ரெண்டு வேலை ஒரே கரியில். ஆனா அதோட குழாய்கள் உறைஞ்சிருக்கும்போது அடுப்பைப் பத்த வச்சா, நீராவிக்கு வெளியேற வழி இல்லாம பாய்லர் வெடிக்கும் அபாயம் உண்டு. யோசிச்சுப் பாருங்க. வீட்டில் இருக்கிறதே ஒரு அடுப்பு. எப்போ அது ரொம்பத் தேவையோ அப்போதான் அதைப் பத்த வைக்கப் பயம். "எங்கப்பா மூணு நாள் தீப்பெட்டியைத் தன் பாக்கெட்டுலயே வச்சிருந்தார். எங்கம்மா அவசரப்பட்டுப் பத்த வச்சிடுவாங்களோன்னு" என்றார்கள் பாட்டி.

லண்டனில் அதே குளிரை எதிர்கொண்ட ஒருவரை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கவிஞர் சில்வியா பிளாத். 1962 டிசம்பரில்தான் ஃபிட்ஸ்ராய் ரோட்டில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தார். கணவரைப் பிரிந்து, மூணு வயசு நிறையாத மகள், ஒரு வயசு நிறையாத மகன், இவர்களோடு. போன் இணைப்பு இன்னும் வரவில்லை. குழாய்கள் உறைந்தன. அந்த அனுபவத்தை 'ஸ்னோ பிளிட்ஸ்' என்று ஒரு கட்டுரையாகவே எழுதினார். பிளாத் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வளர்ந்தவர். அங்கே குளிர் இதைவிட அதிகம். ஆனால் அங்கே வீடு கட்டும்போதே குளிர் வரும் என்று தெரிந்து கட்டுவார்கள். அவருக்கு லண்டனில் அதிர்ச்சி தந்தது குளிர் இல்லை, ஆயத்தமே இல்லாத ஊர்.

பிப்ரவரி 11 அன்று, 30 வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். "குளிர்தான் அவரைக் கொன்றது" என்று சிலர் சுலபமா எழுதிட்டுப் போவாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மனச்சோர்வு நோயோடு பல வருஷம் போராடியவர் அவர். ஆனால் நோயோடு இருக்கிற ஒருத்தருக்கு, ரெண்டு கைக்குழந்தைகளோட, தண்ணி வராத வீடு எவ்வளவு பெரிய பாரம்னு புரிஞ்சுக்க இலக்கியம் தெரிஞ்சிருக்க வேண்டியதில்லை.

இன்னொரு கூட்டத்தையும் இங்கே நினைக்கணும். 1962 ஜூலையில் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் அமலுக்கு வந்தது. கதவு மூடுறதுக்குள்ள போய்டலாம்னு கரீபியன் தீவுகள், இந்தியா, பாகிஸ்தானில் இருந்து ஏராளமானோர் அதற்கு முந்தைய ஒன்றரை வருஷத்தில் பிரிட்டன் வந்து சேர்ந்திருந்தார்கள். பலருக்கு இதுதான் முதல் குளிர்காலம், இல்லைன்னா ரெண்டாவது. பழைய வீட்டில் வாடகைக்கு ஒரு ரூம், நடுவில் ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர். அது சாய்ந்தால் தீ. ஜன்னலை முழுசா அடைத்தால் மூச்சு முட்டும். திறந்தால் குளிர்.

இப்போ என் கேள்விக்கு வருவோம். ஏன் குழாய் வெளியே?

1871ல் விக்டோரியா ராணியின் மூத்த மகன், வேல்ஸ் இளவரசர் எட்வர்ட், ஸ்கார்பரோவில் ஒரு பிரபுவின் மாளிகையில் தங்கிவிட்டு வந்து டைஃபாய்டில் படுத்தார். பிழைப்பாரா என்று நாடே காத்திருந்தது. பிழைத்தார். ஆனால் பழி அந்த மாளிகையின் சாக்கடைக் குழாய்கள் மேல் விழுந்தது. டைஃபாய்டுக்குக் காரணமான கிருமி அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. சாக்கடையிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் நோயைத் தருகிறது என்று பலர் நம்பினார்கள். இளவரசருக்கே இந்தக் கதின்னா நம்ம வீட்டுக்கு என்ன? கழிவுக் குழாயை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது, சுவருக்கு வெளியே கொண்டுபோ, கசிந்தாலும் காற்றோடு போகட்டும். அடுத்து வந்த சுகாதார விதிகள் இதையே சொன்னன. லண்டனிலும் மற்ற ஊர்களிலும் லட்சக்கணக்கான வீடுகள் அப்படிக் கட்டப்பட்டன.

அந்தக் காலத்துக்கு அது முட்டாள்தனம் இல்லை. அவங்க கண் முன்னாடி இருந்த பயம் டைஃபாய்டு. குளிரைப் பத்தி யோசிக்க அவகாசம் இல்லை. கிருமி எதுன்னு பிறகு தெரிந்தது. கெட்ட காற்றுக் கொள்கை செத்தது. ஆனால் குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

அது தவறு என்று சொல்ல 1963 வரை காத்திருக்கவும் தேவையில்லை. 1947லேயே ஒரு பயங்கரக் குளிர்காலம் வந்தது. நிலக்கரித் தட்டுப்பாட்டில் வீடுகளுக்கு நாளைக்கு அஞ்சு மணி நேரம் கரண்ட் கட். அப்பவும் குழாய்கள் உறைந்து உடைந்தன. குளிர் போனது, உடைஞ்சதை ஒட்டினாங்க, மறந்தாங்க. அடுத்தது பதினாறு வருஷம் கழிச்சு.

1963 மார்ச் 6. அந்த வருஷத்தில் பிரிட்டன் முழுக்க எங்கேயும் உறைபனி இல்லாத முதல் காலை. இந்தத் தடவை கொஞ்சம் பாடம் ஏறியது. 1965ல் வந்த கட்டட விதிகள் கழிவுக் குழாயைச் சுவருக்கு உள்ளே கொண்டுவரச் சொன்னன. வட கடலில் எரிவாயு கிடைத்தது. சென்ட்ரல் ஹீட்டிங் பரவியது. கதை சுபமா முடிஞ்சிருக்கணும், இல்லையா?

முடியலை. 2005ல், எரிபொருளைச் சேமிக்க, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பொருத்தும் கேஸ் பாய்லர்கள் பொதுவாக 'கண்டென்சிங்' வகையாக இருக்கணும்னு விதி வந்தது. புகையில் வீணாகும் சூட்டையும் பிடிச்சுக்கிற நல்ல மெஷின். அப்படிப் பிடிக்கும்போது புகையில் இருக்கிற நீராவி தண்ணியாகிச் சொட்டும். அந்தத் தண்ணி எங்கேயாவது போகணுமே? சுலபமான வழி, சுவரில் ஒரு ஓட்டை போட்டு, விரல் தடிமன்ல ஒரு பிளாஸ்டிக் குழாயை வெளியே இறக்கிட வேண்டியது. பல வீடுகளில் அதைத்தான் செஞ்சாங்க. அடுத்த அஞ்சு வருஷத்தில் 2010 டிசம்பர் வந்தது. 1910க்குப் பிறகு பிரிட்டனில் வந்த மிகக் குளிரான டிசம்பர். குழாய் உறைஞ்சது. தண்ணி பின்னாடி ஏறி பாய்லர் தானாகவே நின்னது. நான் கேட்ட அந்தக் களகளச் சத்தம் அதுதான்.

அதே குளிரில் வட அயர்லாந்தில் நிலைமை இன்னும் மோசம். கிறிஸ்துமஸ் முடிந்து பனி உருகியதும் பிளந்த குழாய்களெல்லாம் ஒரே நேரத்தில் ஒழுக ஆரம்பித்தன. பல்லாயிரம் வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை. 2011 ஜனவரியில் அங்கிருந்த குடிநீர் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பதவி விலகினார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கிட்டது ஒண்ணுதான். ரொம்பக் குளிரான ஊர்களில் குழாய் உடையறது குறைவு, ஏன்னா அங்கே வருஷா வருஷம் குளிர் வந்து ஞாபகப்படுத்திட்டுப் போகுது. எப்பவாவது குளிர் வர்ற ஊரில்தான் ஆபத்து. பதினாறு வருஷம்கிறது ஒரு ஊர் மறந்துபோகப் போதுமான காலம். குழாயை எங்கே வைக்கணும்னு முடிவு பண்றவர் வேற. பனியில நின்னு அதுக்கு வெந்நீர் ஊத்துறவர் வேற. பெரும்பாலும் அவர் வாடகைக்கு இருக்கிறவர், புதுசா வந்தவர், தனியா குழந்தை வளர்க்கிறவர்.

குளிர் நாட்டிலிருந்து கேட்டுட்டிருந்தீங்கன்னா, இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. வீட்டுக்குத் தண்ணி வர்ற மெயின் வால்வு எங்கே இருக்குன்னு தேடிக் கண்டுபிடிச்சு, ஒரு தடவை மூடித் திறந்து பாருங்க. குழாய் உடைஞ்ச பிறகு தேட நேரம் இருக்காது. உறைஞ்ச குழாயைச் சூடு பண்றதா இருந்தா, திருகைத் திறந்து வச்சுட்டு, அந்த முனையிலிருந்து மெதுவா ஆரம்பிங்க. நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகாதீங்க.

அன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பாட்டி கதவைத் தட்டினாங்க. கையில ஒரு பழைய கம்பளித் துணி, கொஞ்சம் கயிறு. "குழாய்ல சுத்துங்க. ராத்திரி மறுபடியும் உறையும்." சுத்தினோம். அதுக்கப்புறம் அந்தக் குளிர்காலம் முழுக்க பாய்லர் நிக்கவே இல்லை. நாங்க வீட்டைக் காலி பண்ணின அன்னைக்கும் அந்தத் துணி குழாய்லதான் இருந்தது. அடுத்து வந்தவங்க அதை என்னன்னு நினைச்சு அவிழ்த்துப் போட்டாங்களோ, தெரியலை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.