அந்தமானில் ஜப்பானியர் ஆட்சிக்காலச் சாவுகள்: குடும்ப நினைவும் சாவைக் குறிக்கும் சொற்களும்

1. முன்னுரை

வன்முறையால் மாய்ந்த ஒருவரின் நினைவு குடும்பத்துள் தலைமுறை தலைமுறையாகத் தொடரும்போது, அந்நினைவு ஏதேனும் ஒரு சொல்லைப் பற்றியே நிலைபெறுகின்றது. இறந்தார், கொல்லப்பட்டார், உயிர் துறந்தார், தியாகியானார் என்னும் வழக்குகள் ஒரே நிகழ்வைச் சுட்டினும் ஒரே பொருளைத் தருவன அல்ல. முதலாவது, காரணத்தைக் கூறவில்லை. இரண்டாவது, கொன்றவரை மறைக்கின்றது. மூன்றாவது, இறந்தவரையே வினைமுதலாக்குகின்றது. நான்காவது, அச்சாவை ஒரு நாட்டின் கணக்கில் சேர்க்கின்றது.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியிலிருந்த அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் நிகழ்ந்த கொலைகளை முன்வைத்து, இச்சொற்களுள் எதனைத் தேர்வது என்பது மொழிநடை பற்றிய வினா மட்டுமன்று, நீதி பற்றிய வினாவுமாகும் என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வரலாற்றுப் பின்புலம்

1942 மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) எதிர்ப்பின்றி இறங்கியது. அக்காலத்து நகர மக்களிற் பெரும்பாலோர் தண்டனைக் குடியேற்றத்தின் வழித்தோன்றல்கள். பல மொழிப் பகுதிகளிலிருந்து நாடு கடத்தப்பட்டோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகிய இவர்கள் இந்துஸ்தானியைப் பொதுமொழியாகக் கொண்டிருந்தனர். 'லோக்கல் பார்ன்' என வழங்கப்பெறும் இம்மக்களோடு, போருக்கு முன்னரே குடியேறிய பிறரையும் சுட்ட 'முன்-42' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர் பின்னாளில் ஆட்சி வழக்காயிற்று. ஓர் ஆண்டின் எண் ஒரு சமூகத்தின் பெயராக மாறியமை மொழியியலார் கருதற்குரியது. அப்பெயரைச் சொல்லுந்தோறும், விளக்கம் இல்லாமலேயே, அவ்வாண்டு நினைவுறுத்தப்படுகின்றது.

1943 சனவரியில், தீவில் முன்னர்க் காவல்துறை அதிகாரியாகப் பணியாற்றிய மேஜர் மெக்கார்த்தி தலைமையில் ஓர் உளவுக்குழு நீர்மூழ்கிக் கப்பல் வழியே இரகசியமாக வந்திறங்கியது. ஜப்பானியர்க்கு இக்குழு அகப்படவில்லை. ஆனால் செய்தி கசிகிறது என்னும் ஐயம் உள்ளூர் மக்கள்மீது விழுந்தது. ஒற்றர் எனக் குற்றம் சாட்டப்பெற்றோர் செல்லுலார் சிறையில் சித்திரவதை செய்யப்பட்டனர். வாக்குமூலங்கள் வதையாற் பெறப்பட்டன. ஒருவர் வாயிலிருந்து வதையால் பெறப்பட்ட பெயர் மற்றொருவர் கைதுக்குக் காரணமாயிற்று.

3. திவான் சிங் 'காலேபாணி'

இக்காலச் சாவுகளுள் விரிவாக எழுதப்பெற்றது மருத்துவர் திவான் சிங்கின் சாவாகும். இன்று பாகிஸ்தானிலுள்ள சியால்கோட் மாவட்டத்திற் பிறந்த இவர் 1927இல் மருத்துவ அலுவலராக அந்தமானுக்கு வந்தார். பஞ்சாபிக் கவிதையில் யாப்புக் கட்டற்ற நடையைக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர். 1938இல் வெளிவந்த 'வக்தே பாணி' (ஓடும் நீர்), மறைவுக்குப் பின் வந்த 'அந்திம் லெஹரான்' (இறுதி அலைகள்) ஆகிய இரண்டும் இவர்தம் கவிதை நூல்கள்.

'காலேபாணி' என்பது இவர் ஏற்ற புனைபெயர். கடல்கடந்த தண்டனையைத் தமிழர் 'தீவாந்தர சிட்சை' என்றனர். வடபுலத்தார் 'காலாபானி' (கருநீர்) என்றனர். தண்டனையின் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டவர் திவான் சிங். இப்பெயரை ஆங்கில எழுத்து வழியே தமிழாக்குவோர் பெரும்பாலும் 'கலேபானி' என எழுதிவிடுவர். இந்தியில் 'பானி' என்பது பஞ்சாபியில் 'பாணி' என ணகரம் பெறுகின்றது. ஆங்கிலம் காட்டவியலாத இவ்வேறுபாட்டைத் தமிழெழுத்து இயல்பாகவே காட்ட வல்லது. அவர் எம்மொழிக் கவிஞர் என்பது ஓரெழுத்தில் அடங்கியிருத்தலின் இது சிறு செய்தியன்று.

ஜப்பானியர் ஆட்சியில் இந்திய விடுதலைச் சங்கத்தின் உள்ளூர்த் தலைமையில் இருந்தவர் இவர். ஆயினும் மக்கள்மீது நிகழ்ந்த கொடுமைகளை எதிர்த்தார். தாம் முன்னின்று எழுப்பிய குருத்துவாராவைப் படையினரின் இழிபயன்பாட்டிற்கு விட மறுத்தார் என்பது இவரைப் பற்றி வழங்கிவரும் செய்தி. 1943 அக்டோபரில் ஒற்றர் என்னும் குற்றச்சாட்டிற் கைது செய்யப்பெற்று, ஏறத்தாழ 80 நாள் வதைக்குப் பின் 1944 சனவரி 14ஆம் நாள் செல்லுலார் சிறையில் இறந்தார்.

இவர்தம் மகன் மொகிந்தர் சிங் தில்லான் தந்தையின் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக்கினார். குடும்பத்தார் சண்டிகருக்கு அருகில் சிஸ்வானில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தனர். போர்ட் பிளேர்க் குருத்துவாரா இன்று அவர் பெயரால் வழங்குகின்றது. பஞ்சாபியில் எழுதிய தந்தையின் சாவு மகனால் ஆங்கிலத்தில் எழுதப்பெற்றதனால், குடும்ப நினைவே இங்கு ஒரு மொழிபெயர்ப்பாகின்றது.

4. ஹம்ஃப்ரேகஞ்ச்: நாற்பத்து நால்வர்

1944 சனவரி 30ஆம் நாள் போர்ட் பிளேருக்கு அண்மையிலுள்ள ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவர்கள்மீதும் சுமத்தப்பட்டது ஒற்றுக் குற்றமே. இவர்களுட் பலர் விடுதலைச் சங்கத்தின் உறுப்பினர்கள். அவ்விடத்தில் நினைவுச் சின்னம் உள்ளது; ஆண்டுதோறும் அந்நாளில் உறவினரும் ஊராரும் கூடி மலரஞ்சலி செலுத்துகின்றனர்.

1948 முதல் சனவரி 30 நாடு முழுமைக்கும் காந்தியடிகள் மறைந்த நாள். தியாகிகள் நாள் எனக் கடைப்பிடிக்கப்படுவது. அந்தமான் குடும்பங்கள் சிலவற்றிற்கோ அதற்கு நான்காண்டு முன்னரே அது துக்க நாளாகிவிட்டது. நாட்டின் நாட்காட்டியும் வீட்டின் நாட்காட்டியும் ஒரே தேதியில் வெவ்வேறு சாவுகளைக் குறிக்கின்றன.

திவான் சிங்கிற்கு நூலுண்டு, புனைபெயருண்டு, கவிதையுண்டு. நாற்பத்து நால்வரை வெளியுலகம் பெரும்பாலும் எண்ணாகவே அறியும். எழுதுவோர் உள்ள குடும்பத்தின் நினைவு வரலாறாகின்றது. எழுதுவோர் இல்லாத குடும்பத்தின் நினைவு ஆண்டுக்கொருமுறை வைக்கும் மலரளவில் நிற்கின்றது.

5. சொற்களின் பயணம்

சுபாஷ் சந்திர போஸ் 1943 டிசம்பர் 30ஆம் நாள் போர்ட் பிளேரில் மூவண்ணக் கொடியேற்றினார். அவ்வருகையை ஒட்டி அந்தமானுக்கு 'ஷஹீத்' என்றும் நிக்கோபாருக்கு 'ஸ்வராஜ்' என்றும் பெயர் வழங்கப்பட்டது. அந்நாளில் திவான் சிங் அதே நகரின் சிறையில் வதைபட்டுக்கொண்டிருந்தார். பதினைந்து நாளில் அவர் இறந்தார். ஒரு மாதத்தில் ஹம்ஃப்ரேகஞ்ச் நிகழ்ந்தது. சிறையில் நடந்தவை போசுக்கு எவ்வளவு தெரியும் என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் நோக்கிற்கு வேண்டுவது பிறிதொன்று: 'ஷஹீத்' என்னும் சொல் தீவுக்கு முன்னே வந்தது, அச்சொல்லால் பின்னர் அழைக்கப்பெற்றோரின் சாவு அதன்பின் வந்தது.

அரபு மூலத்தில் 'ஷஹீத்' என்பதன் அடிப்பொருள் 'சாட்சி'. சீக்கிய மரபில் இச்சொல் வழிபாட்டு நினைவிலேயே இடம்பெற்றது. 'தியாகி' என மொழிபெயர்க்குமிடத்துச் சாட்சிப் பொருள் நீங்கி, விட்டுக்கொடுத்தவர் என்னும் பொருளே எஞ்சுகின்றது. வதையால் உயிர் பறிக்கப்பெற்றோர் அதனை விட்டுக்கொடுத்தனர் என்றல் பொருந்துமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. தமிழ்க் கிறித்தவ வழக்கிலுள்ள 'இரத்தசாட்சி' மூலத்திற்கு அணுக்கமானது; எனினும் சமயச் சார்பு பற்றிப் பொது உரைநடையில் அது தயங்கியே வரும்.

'பலிதான்' என்னும் இந்திச் சொல் உயர்வுடையது. அதன் முதற்பகுதியை மட்டும் கொண்டு 'பலியானோர்' எனத் தமிழாக்கினால், செய்தித்தாளின் விபத்துச் செய்தியாக அது தாழ்ந்துவிடும். நம் நடுகற் கல்வெட்டுகள் 'தொறு மீட்டுப் பட்டான்' என, செயலையும் சாவையும் ஒருங்கே சொல்லும். அந்தப் 'படு' என்னும் வினையே இன்று 'கொல்லப்பட்டார்' என்பதில் துணைவினையாகிக் கொன்றவன் பெயரை மறைக்க உதவுகின்றது.

'ஒற்றர்' என்னும் சொல்லோ ஆட்சி மாறுந்தோறும் மதிப்பு மாறியது. ஜப்பானியர்க்கு அது துரோகம். மீண்டு வந்த பிரித்தானியர்க்கு அதுவே பற்றுறுதியாக இருந்திருக்கும். விடுதலைச் சங்க உறுப்பினர் என்பது அவ்வாறே தலைகீழாகும். இரு பேரரசுகளின் சொல்லும் இறந்தவர்மீது நிலைக்கவில்லை. மாறாது நின்றவை தந்தை, பாட்டன் என்னும் உறவுப்பெயர்களே.

6. மொழிபெயர்ப்பில் சாட்சியம்

1946இல் பிரித்தானியர் சிங்கப்பூரில் நடத்திய போர்க்குற்ற விசாரணைகளுள் கார் நிக்கோபாரில் நிகழ்ந்த கொலைகள் பற்றிய வழக்கும் ஒன்று. நீதிமன்ற மொழி ஆங்கிலம். குற்றஞ்சாட்டப்பட்டோர் மொழி ஜப்பானியம். துன்புற்றோர் மொழி நிக்கோபாரி. துபாசியின் சொல்லே உயிரைத் தீர்மானிக்கும் சொல்லாயிற்று. புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபாரி மொழியில் பெயர்த்த பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் ஜப்பானியர் கையில் மகனை இழந்தவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. மொழிபெயர்ப்பும் துக்கமும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தன.

7. தொகுப்புரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. கொன்றவர் அறியப்பட்ட இடத்துச் செயப்பாட்டு வினையைத் தவிர்த்து 'ஜப்பானியப் படையினர் சுட்டுக் கொன்றனர்' எனச் செய்வினையாற் கூறுதல் நேரிது. குடும்பத்தார் 'ஷஹீத்' எனின் அச்சொல்லை ஒருமுறையேனும் அவ்வாறே நிறுத்தி, பின்னர் விளக்குதல் வேண்டும். 'ஒற்றர்' என எழுதும் ஒவ்வோரிடத்தும் அவ்வாறு குற்றம் சாட்டியவர் யார் என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும்.

செல்லுலார் சிறை 1979இல் தேசிய நினைவகமாயிற்று. அங்குச் செல்வோர் மனத்தில் நிறைவது பிரித்தானியர் காலச் சிறைக்கொடுமையே. அதே சுவர்களுக்குள் 1944இல் மாண்டோர் அவ்வரலாற்றில் எளிதிற் பொருந்துவதில்லை. பொருந்தாதவர்க்கு இடம் தரும் சொற்களைத் தேடுதல் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய பணியாகும்.